லாரியின் மூளைப் பெட்டியும் வணிகரின் பணப் பெட்டியும்



விடியற்காலை மொத்த மார்க்கெட்டில் மூட்டைகளை ஏற்றி, கடை திறக்கும் நேரத்துக்குள் வாசலில் இறக்கினால்தான் அன்றைய வியாபாரம் வியாபாரம். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் வெங்காயமும் தக்காளியும் வண்டியிலேயே வாடுகின்றன; ஏற்றுகூலியும் இறக்குகூலியும் இரண்டு தடவை கொடுக்க வேண்டியதாகிறது; வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நின்றுபோன லாரியும் அசையாமல் தின்னும் சாதியைச் சேர்ந்ததுதான். தவணை, வரி, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் என எதுவும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

அண்மைக்காலமாக, சொந்த வண்டி வைத்திருக்கும் வணிகர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "வண்டியில் ஈ.சி.யு. போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம்" என்பதே அது. அது என்ன, எதற்கு, எவ்வளவு என்று கேட்டால் பலருக்கும் விவரம் தெரிவதில்லை. சர்வீஸ் ஸ்டேஷனில் சொன்ன தொகையைப் புரட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். புரட்ட முடியாதவர்கள் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த நிலைமை மாற வேண்டும் என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறோம்.

பெட்டி எப்படி வந்தது?

முன்பெல்லாம் டீசல் வண்டி என்றால் எல்லாமே இரும்பும் எண்ணெயும்தான். டீசல் பம்ப் தன் பல் சக்கரக் கணக்கின்படி எண்ணெயை அளந்து அனுப்பும். நாசில் அதைத் தூவும். 2005-இல் வந்து நம் ஊர்களில் 'குட்டி யானை' என்று பெயரெடுத்த டாடா ஏஸ் வண்டியின் முதல் எஞ்சின்கூட இப்படிப்பட்டதுதான். பழுது வந்தால் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து, அளவு சரி செய்து, மறுநாள் வண்டியை எடுத்துவிடலாம்.

பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. இந்த அளவுக்குப் புகையைக் குறைக்க வேண்டுமானால் டீசலை ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் அளந்து தெளிக்க வேண்டும். பல் சக்கரத்தால் அது ஆகாத காரியம். எனவே 'காமன் ரெயில்' முறையும், அதை ஆட்டி வைக்கும் கணினிப் பெட்டியும் நம் வண்டிகளில் இடம் பிடித்தன. அந்தப் பெட்டியைத்தான் ஈ.சி.யு. என்றும் ஈ.சி.எம். என்றும் சொல்கிறார்கள்.

எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதையெல்லாம் சென்சார்கள் இந்தப் பெட்டிக்குச் சொல்கின்றன. அது கணக்குப் போட்டு, எந்த இன்ஜெக்டர் எப்போது எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கட்டளை இடுகிறது. இதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. காற்று சுத்தமாக இருப்பது நம் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். குறை எங்கே வருகிறது என்றால், அந்தப் பெட்டி பழுதாகும்போதும், அதைவிட முக்கியமாக, பழுதாகாமலே பழுது என்று சொல்லப்படும்போதும்தான்.

நாம் பட்ட பாடு

பிறருக்கு உபதேசம் சொல்லும் முன் நாம் பட்டதைச் சொல்லிவிடுவது நியாயம். 2017 இறுதியில் வாங்கிய நமது கடையின் மினி லாரி ஒரு கோடைக்காலத்தில் தகராறு செய்யத் தொடங்கியது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பருப்பு மூட்டைகளோடு புறவழிச்சாலையில் இரண்டு இரவுகள் நின்ற பிறகு சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டோம். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "பெட்டி போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்றார்கள். வேலையோடு சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். பெட்டி வர மூன்று வாரம் ஆகும். எலக்ட்ரிக்கல் சாமான் ஆதலால் ஒருமுறை பொருத்திவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டினோம். மூன்று வாரம் வாடகை வண்டியில் சரக்கு வந்தது. புதுப் பெட்டி போட்டு வண்டியும் வந்தது. நான்காம் நாள் அதே புறவழிச்சாலையில் அதே மாதிரி நின்றது!

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தவர் பக்கத்து ஊரில் சிறிய ஷெட் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. மீட்டரை வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பெட்டியின் எர்த் வயருக்கும் இடையே எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று பார்த்தார். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில், சூடு ஏற ஏற இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சாசியில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டுக்குக் கீழே பெயிண்டும் துருவும் சேர்ந்திருந்தன. சூட்டிலும் அதிர்விலும் தொடர்பு விட்டுப்போனது, பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை, எஞ்சின் நின்றது. ஆறியதும் தொடர்பு மீண்டது. புதுப் பெட்டி போடும்போது வயரை அசைத்ததில் மூன்று நாள் நன்றாக இருந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி, புது வயர் போட்டுக் கொடுத்தார். செலவு அறுநூறு ரூபாய்.

தவறு முழுவதும் சர்வீஸ் ஸ்டேஷனுடையது என்றும் சொல்ல மாட்டோம். முந்தைய ஆண்டு பாடி கட்டும் பட்டறையில் பக்கப் பலகையை உயர்த்தி, சாசிக்கு நாமே பெயிண்ட் அடித்தோம். எர்த் போல்ட்டின் மேலும் அடியிலும் பெயிண்ட் போனதை நாம் பார்க்கவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் பில் போடுபவர் பத்து நிமிடம் எர்த்தைச் சோதித்திருக்கலாம் அல்லவா?

கடைத் தராசைப் பாருங்கள்

இதை நம் கடை அனுபவத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். எலக்ட்ரானிக் தராசு தாறுமாறாக எடை காட்டினால் உடனே உள்ளே இருக்கும் போர்டை மாற்றுகிறோமா? இல்லை. தட்டுக்கு அடியில் ஏதாவது தட்டுகிறதா, பேட்டரி இறங்கிவிட்டதா, லோட் செல் வயரை எலி கடித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். லாரிக்கும் அதே முறைதான்.

பெட்டியின் மேல் பழி போடும் முன் இவற்றைச் சோதித்தாக வேண்டும். 12 வோல்ட் வண்டியானால், நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை. கனரக லாரிகளில் 24 வோல்ட் கணக்கு. அடுத்து பியூஸ், பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே, எர்த் போல்ட்டுகள், பெட்டியில் செருகும் கனெக்டரின் பின்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, தண்ணீர் தங்கியிருந்தாலோ அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு சென்சார்கள். பல சென்சார்களுக்குப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் போகிறது. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் படுத்து, பெட்டியே செத்ததுபோலத் தோன்றும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

ஸ்கேனர் பெட்டியோடு பேசவில்லை என்பதும் பெட்டி செத்ததற்கு அத்தாட்சி ஆகாது. பெட்டிக்கு மின்சாரம் வராவிட்டாலும், இடையில் வயர் அறுந்திருந்தாலும் ஸ்கேனர் பேசாது. மின்சாரம் சரி, எர்த் சரி, வயர் சரி, சென்சார் சரி என்று உறுதியான பிறகும் கோளாறு இருந்தால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டி கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டுமே தவிர, முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது.

உண்மையிலேயே போய்விட்டால்?

பெட்டி போகவே போகாது என்று நாம் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தால் போகும். பேட்டரியை முனை மாற்றி இணைத்தால் போகும். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டு மின்சாரம் எகிறினால் போகும். பேட்டரி கேபிளைக் கழற்றாமல் சாசியில் வெல்டிங் அடித்தால் போகும். ஆண்டுக்கணக்கான அதிர்விலும் சூட்டிலும் போர்டின் ஈயப்பற்றுகள் விரிசல் விட்டும் போகும்.

அப்போது நம் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கம்பெனியிடம் புதிது வாங்குவது. விலை அதிகம். ஆனால் வாரண்டி உண்டு, பில் உண்டு. இரண்டாவது, அதே பெட்டியைப் பழுது பார்ப்பது. இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர், கெபாசிட்டர் போன்றவை போயிருந்தால் தேர்ந்த தொழில்நுட்பர் மாற்றித் தருவார். ஆனால் சில பெட்டிகளில் போர்டு பீங்கான் தகட்டில், முடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும். அதில் சாதாரணச் சால்டரிங் வேலை நடக்காது. மூன்றாவது, பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கி, நம் பெட்டியின் நினைவில் உள்ளதை அதில் நகல் எடுத்துப் போடுவது.

மூன்றாவது வழியில் ஏமாறுபவர்கள் உண்டு. வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாது. பெட்டியின் மேலுள்ள பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மென்பொருளும் நம் எஞ்சினுக்கு உரியதாக இருக்க வேண்டும். சாவியோடு பேசும் திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள வண்டியானால், வேறு வண்டியின் பெட்டியைப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பல எஞ்சின்களில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சடிக்கப்பட்டிருக்கும். புதுப் பெட்டியானாலும் பழைய பெட்டியானாலும் அந்தக் குறியீடுகளைப் பதிவு செய்யாவிட்டால் எஞ்சின் உதறும், புகை தள்ளும். ஆகவே பழைய பெட்டியை வேலை முடியும் வரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அதனுள் இருக்கும் விவரம்தான் வண்டியின் ஜாதகம்.

நியாயம் எங்கே?

இனி நமது முக்கியமான வாதத்துக்கு வருவோம். நாம் ஒரு கிலோ துவரம் பருப்பை பாக்கெட்டில் போட்டு விற்றால் அதன் மேல் எடை, விலை, தேதி எல்லாம் அச்சிட வேண்டும். தராசுக்கு முத்திரை வேண்டும். தவறினால் அபராதம். நாம் இதை எதிர்க்கவில்லை; நுகர்வோருக்கு நல்லது. ஆனால் நாம் நுகர்வோராக வண்டியைக் கொண்டு போய் நிற்கும்போது நமக்கு என்ன பாதுகாப்பு? எந்தச் சோதனைகள் செய்தார்கள் என்ற எழுத்து இல்லை. ஸ்கேனரில் வந்த குறியீட்டின் நகல் கொடுப்பதில்லை. உள்ளூர் மெக்கானிக்குக் கம்பெனியின் வயரிங் படமும் கிடையாது, மென்பொருளும் கிடையாது. ஒரே வாசல்தான் திறந்திருக்கிறது என்றால், அந்த வாசலில் சொல்வதுதான் விலை.

இது நம் கற்பனைக் குறை அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார் நிறுவனங்கள் மீது ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து உத்தரவிட்டது. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அவற்றைத் தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையம் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின என்பது வேறு கதை. அது கார்களைப் பற்றிய வழக்கு, லாரிகளைப் பற்றியது அல்ல என்பதும் உண்மை. ஆனால் காருக்கு நியாயமானது, பிழைப்புக்காக ஓடும் சரக்கு வண்டிக்கு இன்னும் கூடுதலாக நியாயமானது அல்லவா?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற இணைய வாசலைத் திறந்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் உள்ளன. நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் விவரம் தரலாம் என்ற அளவில் நின்றால் அது பாதி வழிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்தே இதைச் சட்டமாக்கினார்கள். டீலருக்குக் கிடைக்கும் சோதனை விவரங்கள் நியாயமான விலையில் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நமக்கும் அப்படிப்பட்ட கட்டாயச் சட்டம் வேண்டும்.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பையும் கேட்போம். மென்பொருளை எல்லோர் கையிலும் கொடுத்தால் புகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுவார்கள், திருடர்களுக்கு வசதியாகிவிடும் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று ஆசை காட்டி மென்பொருளை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நாம் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. கம்பெனி நிர்ணயித்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு மாறானது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. நாம் கேட்பது இருந்த மென்பொருளை இருந்தபடியே மீண்டும் ஏற்றும் உரிமையை மட்டும்தான். பெயர் பதிவு செய்த பட்டறைக்கு, ஆர்.சி. புத்தகம் பார்த்து, கணக்கில் எழுதிக் கொடுக்கட்டும். பூட்டுத் தொழிலாளி சாவி செய்கிறார் என்பதற்காக ஊரில் யாரும் சாவியே செய்யக் கூடாது என்று சொல்கிறோமா?

நாம் செய்ய வேண்டியது

அரசையும் நிறுவனங்களையும் மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் கையில் உள்ளதை நாம் செய்ய வேண்டும்.

வெல்டிங் வேலை செய்யும் முன் பேட்டரி கேபிளையும் பெட்டியின் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியை 24 வோல்ட் லாரியின் பேட்டரியால் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது பெட்டியின் பக்கம் பீய்ச்ச வேண்டாம். கிடங்கு வாசலில் இரவில் நிற்கும் வண்டிக்கு எலி ஒரு பெரும் பகை. தானிய வாசனைக்கு வரும் எலி வயரையும் விடாது. சிந்திய தானியத்தைக் கூட்டிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். 2015 சென்னை வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வந்த வெள்ளத்தையும் மறந்துவிட முடியாது. மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழியில் வண்டி நின்று சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், இ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிந்துவிட்டுப் புறப்படுங்கள். பழுது வேலைக்குக் கட்டாயம் பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யில் வழக்கமான முறையில் வரி கட்டுபவர்கள் சரக்கு வண்டிச் செலவின் வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்க இடமுண்டு. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

சங்கங்களுக்கும் ஒரு யோசனை. ஒரு ஸ்கேனர் கருவியை ஒரு கடைக்காரர் வாங்குவது சுமை. ஊர்ச் சங்கம் பொதுவில் வாங்கினால் சுமை இல்லை. நம்பிக்கையான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அதைக் கொடுத்து, உறுப்பினர் வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சோதித்து எழுதித் தரச் செய்யலாம். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் சர்வீஸ் ஸ்டேஷனில் நம் பேச்சுக்கு மதிப்பு வரும். 2017-இல் வாங்கிய வண்டிகள் எட்டு ஆண்டைக் கடந்து, ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. இந்தத் தொல்லை இனி கூடுமே தவிரக் குறையாது. இப்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

நமது கடையில் இன்றும் அந்தப் பழைய பெட்டி மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. எவராவது "வண்டியில் பெட்டி போய்விட்டதாம்" என்று வந்தால் அதை எடுத்துக் காட்டி, "எர்த்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறோம். ஐம்பத்தெட்டாயிரம் கொடுத்து நாம் கற்ற பாடம், உங்களுக்கு இந்த இதழின் விலையிலேயே கிடைக்கட்டும்.